முற்றத்துக்கு வந்த பள்ளி: முன்பருவக் கல்வியில் தலித் குழந்தையும் அதன் குடும்பமும்

அங்கன்வாடி என்ற சொல் மராத்தியிலிருந்து வந்தது. 'அங்கன்' என்றால் முற்றம். 1945இல் அன்றைய பம்பாய் மாகாணத்தின் போர்டி என்னும் சிற்றூரில் தாராபாய் மோடக் சிறுவர்களுக்கான பால்வாடி ஒன்றைத் தொடங்கினார். பின்னர் அனுதாய் வாக் அவருடன் இணைந்து அப்பணியை முன்னெடுத்தார். தலித் குடியிருப்பின் குழந்தைகளும் பழங்குடிக் குழந்தைகளும் அந்தப் பால்வாடிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று பெற்றோரைக் குறைகூறுவதற்குப் பதிலாக, அவர்கள் பாயையும் விளையாட்டுப் பொருட்களையும் எடுத்துக்கொண்டு அக்குடியிருப்புகளின் முற்றங்களுக்கே சென்றனர். முற்றத்தில் நடந்த அந்த வகுப்பே அங்கன்வாடி எனப்பட்டது. குழந்தை பள்ளிக்கு வரவில்லையெனில் பள்ளி குழந்தையிடம் போக வேண்டும், அதுவும் தாயும் பாட்டியும் பார்த்திருக்கும் இடத்துக்கே போக வேண்டும் என்பது அச்சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது.

இந்திய அரசு 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தை 33 வட்டாரங்களில் தொடங்கியபோது இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. சொல்லின் பொருள் முழுவதும் உடன் வந்ததா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தமிழ்நாட்டில் இன்று 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. பெரும்பான்மையான தலித் குழந்தைகள் அரசு என்ற ஒன்றை முதன்முதலில் சந்திக்கும் இடம் அதுதான். அதே இடத்தில்தான் சாதியையும் அக்குழந்தை முதன்முதலில் ஒரு நிறுவனத்தின் வடிவில் சந்திக்க நேர்கிறது.

நாம் இங்கே முன்பருவக் கல்வி என்று குறிப்பிடுவது மூன்று முதல் ஆறு வயது வரையிலான கல்வியை. 'அனைவரையும் உள்ளடக்கிய' என்ற அடைமொழி அரசு ஆவணங்களில் பெரும்பாலும் மாற்றுத்திறன் குழந்தைகளைக் குறிக்கவே பயன்படுகிறது. சாதியை அதிலிருந்து விலக்கி வைத்துப் பேசும் பழக்கத்தை நாம் ஏற்கவில்லை. காரணம் பின்னர் வரும்.

சட்டம் விட்டுச்சென்ற ஆறு ஆண்டுகள்

அரசமைப்புச் சட்டத்தின் 45ஆம் உறுப்பு 1950இல் இருந்த வடிவில், பதினான்கு வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்து ஆண்டுகளுக்குள் வழங்க அரசு முயல வேண்டும் என்றது. தொடக்க வயது எதுவும் அதில் சொல்லப்படவில்லை. கைக்குழந்தையும் அதில் அடங்கும். அரசமைப்பு நிர்ணய சபையில் இந்த உறுப்பைத் தொடக்கக் கல்வியோடு நிறுத்திவிட வேண்டும் என்று திருத்தம் கொண்டுவரப்பட்டபோது, 1948 நவம்பர் 23 அன்று அண்ணல் அம்பேத்கர் அதை மறுத்தார். பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை வேலைக்கு அமர்த்தத் தடை விதித்துவிட்டு, அக்காலம் முழுவதும் அவர்களைக் கல்விக்கூடத்தில் வைக்காமல் விட முடியாது என்பது அவருடைய வாதம். குழந்தையின் காலத்தை உழைப்பிடமிருந்து மீட்டுக் கல்வியிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற அந்தத் தர்க்கம், தம்பியைத் தூக்கிக்கொண்டு வயல் வரப்பில் அமர்ந்திருக்கும் ஐந்து வயதுச் சிறுமிக்கும் பொருந்தும்.

1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பதினான்கு வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமை என்றது. அங்கும் கீழ் எல்லை இல்லை. 2002இன் 86ஆம் திருத்தம்தான் அந்த எல்லையை வரைந்தது. புதிய 21அ உறுப்பு ஆறு முதல் பதினான்கு வயதுக்கு அடிப்படை உரிமையைக் கொடுத்தது. ஆறு வயதுக்குட்பட்டோர் திருத்தப்பட்ட 45ஆம் உறுப்புக்கு, அதாவது நீதிமன்றத்தில் நேரடியாக வலியுறுத்த இயலாத வழிகாட்டு நெறிகளுக்கு, அனுப்பப்பட்டனர். உரிமையை வழங்கியதாகக் கொண்டாடப்படும் திருத்தம், இருந்த உரிமையில் ஆறு ஆண்டுகளை வெட்டியது. சட்டக் கல்லூரி மாணவர்கள் 21அ உறுப்பைப் படிக்கும்போது இந்தப் பக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

2009இன் கல்வி உரிமைச் சட்டமும் அதே வழியில் சென்றது. அதன் 11ஆம் பிரிவு, மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இலவச முன்பருவக் கல்விக்கான ஏற்பாட்டை அரசு 'செய்யலாம்' என்கிறது. 'செய்ய வேண்டும்' என்று சொல்லவில்லை. ஆனால் 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான ஒவ்வொரு குழந்தைக்கும் அங்கன்வாடி வழியாக இலவச உணவை உரிமையாக்கியது. மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைக்குக் காலைச் சிற்றுணவும் சூடான சமைத்த உணவுமாக 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் என்று அளவுகூட 2013இல் அதன் அட்டவணையில் இருந்தது. தட்டில் விழும் சோற்றுக்குச் சட்டம் இருக்கிறது, அத்தட்டுக்கு முன் அமர்ந்திருக்கும் குழந்தை கேட்கும் கதைக்கு இல்லை.

இந்த இடைவெளியில் ஒரு சிறு பாலம் 2022 ஏப்ரல் 25 அன்று கிடைத்தது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று மணிபென் மகன்பாய் பாரியா வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அம்மையங்கள் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சட்டப்பூர்வக் கடமைகளைச் செய்பவை என்றும், அங்கே நடப்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு கூறும் முன்பருவக் கல்வி என்றும் குறிப்பிட்டது. அது தொழிலாளர் உரிமை குறித்த வழக்கு. இருந்தும், குழந்தைகளுக்காக வாதிடும் எவரும் அத்தீர்ப்பைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

மையம் எங்கே இருக்கிறது

குடும்பங்களோடு கூட்டுறவு என்பதைப் பயிற்சிக் கையேடுகள் பெரும்பாலும் தாய்மாருக்கான விழிப்புணர்வுக் கூட்டமாகவே புரிந்துகொள்கின்றன. கைகழுவுதல், சத்துமாவு, எடை பார்த்தல் ஆகியவை தேவையானவையே. ஆனால் தலித் குடும்பத்தைப் பொறுத்தவரை கூட்டுறவு அதற்கு முன்பே, மையம் கட்டப்படும் இடத்தைத் தீர்மானிக்கும் நாளிலேயே, தொடங்கியோ முறிந்தோ போகிறது. ஊருக்குள் மையம் இருந்தால் சேரியின் குழந்தை ஊர்த்தெருவைக் கடக்க வேண்டும். சேரியில் மையம் இருந்தால் ஊர்க் குழந்தைகளை அனுப்ப மறுப்பார்கள் என்று அதிகாரிகளே முன்கூட்டி முடிவுசெய்கிறார்கள். ஆகவே 'பொதுவான இடம்' என்ற பெயரில் மையம் பெரும்பாலும் ஊரின் பக்கமே நகர்ந்துவிடுகிறது. பொது இடம் எது என்பதைச் சேரியிடம் யாரும் கேட்பதில்லை. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக அறிவித்தது. வரவேற்கிறோம். பெயர் போன இடங்களில் தூரமும் போக வேண்டும்.

மூன்று வயதுக் குழந்தைக்கு அரைக் கிலோமீட்டர் என்பது வேறு அளவு. அதிகாலையில் நடவுக்கோ களையெடுப்புக்கோ செல்லும் தாயால் அக்குழந்தையைக் கொண்டுவிட முடியாது. பாட்டியும் அக்காவும்தான் விடவேண்டும். அந்த அக்காவின் பள்ளிநேரம் அதற்கு விலையாகிறது. மையம் பிற்பகலிலேயே மூடப்படுவதால் திரும்ப அழைத்துவருவதும் அவளுக்கே. ஒரு மையத்தின் தூரம் இரண்டு குழந்தைகளின் கல்வியை உண்கிறது.

இதற்குச் சட்டம் பதில் வைத்திருக்கிறது. உணவு உரிமை வழக்கு என்று அறியப்படும் மக்கள் சிவில் உரிமைக் கழக வழக்கில், 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் குறைந்தது 14 லட்சம் அங்கன்வாடிகளை 2008 டிசம்பருக்குள் இயக்கிட உத்தரவிட்டது. அவற்றை அமைக்கையில் பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளை அடையாளம் கண்டு முன்னுரிமை அளிக்க வேண்டும் என்றது. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளேனும் இருந்தும் மையம் இல்லாத கிராமக் குடியிருப்போ குடிசைப் பகுதியோ கோரினால் மூன்று மாதத்துக்குள் மையம் தரப்பட வேண்டும் என்பதும் அதே உத்தரவில் உண்டு. 40 குழந்தைகள் இல்லாத சிறு குடியிருப்புகளுக்கும் வழி அடைபடவில்லை. சமவெளிப் பகுதியில் 400 முதல் 800 மக்கள்தொகைக்கு ஒரு மையம் என்பதோடு, 150 முதல் 400 வரை உள்ள இடங்களுக்குக் குறு மையம் என்பதையும் திட்ட விதிகளே ஏற்றிருக்கின்றன. 'உங்கள் தெருவில் ஆள் குறைவு' என்ற பதிலை ஏற்றுத் திரும்பிவந்த மனுதாரர்கள் இந்த எண்ணைத் தெரிந்துகொள்வது நல்லது.

யார் சமைப்பது, யார் பரிமாறுவது

சுகதேவ் தோரட்டும் ஜோயல் லீயும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் பள்ளி மதிய உணவிலும் நியாயவிலைக் கடையிலும் நிலவும் சாதிப் பாகுபாட்டை ஆவணப்படுத்தியது. உணவு வழங்கப்படும் இடம் எங்கே இருக்கிறது, தலித் சமையலருக்கு எதிர்ப்பு எழுகிறதா, பரிமாறும்போது குழந்தை எப்படி நடத்தப்படுகிறது என்ற மூன்று முனைகளிலும் அது விலக்கத்தைக் கண்டது. பள்ளிகளைப் பற்றிய அந்த ஆய்வின் மூன்று கேள்விகளையும் நம் ஊர் அங்கன்வாடியில் நாமே கேட்டுப் பார்க்கலாம்.

2004 ஏப்ரல் 20 அன்றே உச்ச நீதிமன்றம் மதிய உணவுச் சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கு முன்னுரிமை தர உத்தரவிட்டது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2018 ஜூலையில், திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டத்தில் ஒரு அரசுப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் தலித் பெண் ஒருவர் சமைப்பதை ஆதிக்க சாதியினர் எதிர்த்தனர். அதிகாரிகள் அவரையே இடமாற்றம் செய்தனர். போராட்டம் வெடித்த பிறகே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. 'அமைதியைக் காக்க' பாதிக்கப்பட்டவரை நகர்த்துவது என்ற நிர்வாகப் பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

இத்தகைய தருணங்களில் குடும்பம் என்ற சொல் எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது. 'பெற்றோர் விரும்பவில்லை' என்பதே அதிகாரிகளின் நியாயம். குடும்பக் கூட்டுறவு பற்றி எழுதுவோர் பலரும் பெற்றோரின் விருப்பம் எப்போதும் குழந்தையின் நலனுக்கே என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆதிக்க சாதிப் பெற்றோரின் விருப்பம் வேறொரு குழந்தையையும் வேறொரு பெண்ணின் வேலையையும் வெளியே தள்ளுவதாக இருக்கும்போது, அது கூட்டுறவுக்கு உட்பட்ட விஷயமே அல்ல. அது குற்றம். 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவு, பட்டியல் சாதியினர் கல்வி நிலையத்தில் நுழைவதையும் பொதுப் பயன்பாட்டுக்கான பாத்திரங்களைப் பயன்படுத்துவதையும் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பும் அதே பிரிவில் குற்றம். தனித் தம்ளர், தனி வரிசை, மூலையில் தனிப் பாய் ஆகியவற்றை 'சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்' என்று கடந்துவிடக் கூடாது. தனக்கு மட்டும் வேறு தம்ளர் என்பதைக் கண்டுகொள்ள எந்தக் குழந்தைக்கும் எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை.

மாற்றுத்திறன் கொண்ட தலித் குழந்தை

இரண்டு விலக்கங்களும் ஒரே குழந்தையின் மேல் விழும் இடம் இது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு இலவசக் கல்வி உரிமையை ஆறு முதல் பதினெட்டு வயதுக்கே தருகிறது. மொழியும் அசைவும் செவித்திறனும் உருவாகும் ஆண்டுகள் இங்கும் வெளியே நிற்கின்றன. ஆயினும் அதே சட்டத்தின் 25ஆம் பிரிவு, குழந்தைகள் அனைவரையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதித்து இடர் உள்ளோரைக் கண்டறியும் கடமையை அரசின் மேல் வைக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழுக்கள் ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் ஆண்டுக்கு இருமுறை வர வேண்டும்.

கண்டறிவது வரை பெரும்பாலும் நடக்கிறது. அதன்பின் தாயிடம் ஒரு பரிந்துரைச் சீட்டு கொடுக்கப்படுகிறது. தொடக்கநிலை இடையீட்டு மையம் மாவட்டத் தலைநகரில். ஒரு பயணம் என்பது இருவரின் ஒரு நாள் கூலி, பேருந்துக் கட்டணம், இடுப்பில் தூக்கிச் செல்லும் நான்கு வயதுப் பிள்ளை. மூன்றாவது முறை அவள் போகாவிட்டால் 'பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை' என்று பதிவேட்டில் எழுதப்படுகிறது. இந்த ஒரு வரியை நாங்கள் எத்தனையோ கோப்புகளில் பார்த்திருக்கிறோம். ஒத்துழைக்காதது யார் என்பதை அது மறைத்துவிடுகிறது.

மாற்று இல்லாமல் இல்லை. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கம், சமூக மறுவாழ்வுப் பணியாளர்களைக் குழந்தையின் வீட்டுக்கே அனுப்பிப் பெற்றோரோடு சேர்ந்து பயிற்சி தரும் முறையைப் பல ஆண்டுகளாக நடத்துகிறது. ஒன்றிய அரசும் 2023 நவம்பர் 28 அன்று மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையை வெளியிட்டது. அறிகுறிகளைக் கண்டறிதல், சமூக நிகழ்வுகளில் சேர்த்தலும் குடும்பத்தை வலுப்படுத்தலும், பரிந்துரைத்து உதவுதல் என்று அது மூன்று படிகளைச் சொல்கிறது. இரண்டாம் படியைப் படிக்கும்போது நமக்கு எழும் கேள்வி எளியது: ஊர்த் திருவிழாவிலேயே சேர்க்கப்படாத தெருவின் குழந்தையை எந்தச் சமூக நிகழ்வில் சேர்ப்பார்கள்? சாதியைக் கணக்கில் எடுக்காத உள்ளடக்கம் பாதி வழியில் நின்றுவிடும் என்று நாம் சொல்வது இதனால்தான்.

வீட்டின் மொழி, வீட்டின் வேலை

மேற்கு மாவட்டங்களில் அருந்ததியர் குடும்பங்கள் பல வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகின்றன. நரிக்குறவர் குழந்தைகள் வாக்ரிபோலி பேசுகிறார்கள். இக்குழந்தைகள் முதல் நாள் மௌனமாக இருப்பதை மந்தம் என்று குறிப்பவர்கள் உண்டு. வீட்டுமொழியில் கற்பித்தலை 2013இன் தேசிய முன்பருவக் கல்விக் கொள்கையும் 2020இன் தேசியக் கல்விக் கொள்கையும் ஏற்கின்றன. பின்னதை வேறு பல காரணங்களுக்காக நாம் எதிர்க்கிறோம், ஆயினும் இந்த வரியை எடுத்துக்காட்டத் தயங்க வேண்டியதில்லை. அம்மொழி அறிந்த பாட்டி ஒருவரை வாரம் இருநாள் மையத்தில் அமரவைக்கப் பெருஞ்செலவு எதுவும் ஆகாது.

தமிழ்நாட்டின் அங்கன்வாடிகளில் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் மாதம் ஒரு கருப்பொருளாக நடத்தப்படுகிறது. பாட்டும் கதையும் நிறைந்த நல்ல முயற்சி அது. எந்தப் பாடத்திட்டமாயினும், 'உன் அப்பா என்ன வேலை செய்கிறார்' என்று வட்டத்தில் அமரவைத்துக் கேட்கும் கேள்வி நம் சமூகத்தில் தொழிலைக் கேட்பதோடு நிற்பதில்லை. தூய்மைப் பணியாளரின் மகளும் பறை இசைப்பவரின் மகனும் அந்தக் கேள்வியில் சாதியைச் சொல்ல வைக்கப்படுகிறார்கள். கேள்வியை நீக்கிவிடுவது ஒரு வழி. அதே பறையை மையத்துக்கு வரவழைத்து எல்லாக் குழந்தைகளையும் தாளம் போட வைப்பது இன்னொரு வழி. எது என்பதை அந்தத் தந்தையிடம் கேட்டு முடிவுசெய்ய வேண்டும். இந்த அடையாளத்தை விட்டொழிக்க விரும்பும் தந்தையும் இருப்பார், அதற்கும் அவருக்கு முழு உரிமை உண்டு.

அங்கன்வாடிப் பணியாளரை எதிரியாக்கிப் பேசுவது நம் நோக்கம் அல்ல. மதிப்பூதியத்தில் வேலை செய்யும் அப்பெண்களின் நேரத்தை 2021 முதல் போஷான் டிராக்கர் செயலி பெருமளவு எடுத்துக்கொள்கிறது. தாயோடு பேசக் கிடைக்கும் பத்து நிமிடமும் கைப்பேசியில் பதிவேற்றத்துக்குப் போகிறது. அவர்களுள் பலர் தலித் பெண்களே.

பயனாளி என்ற சொல்லிலிருந்து வெளியேற

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது. பாதிப்பேர் பெண்கள். நலிவுற்ற பிரிவுகளின் பெற்றோருக்கு விகிதாசார இடம் உண்டு. ஆறு வயதானதும் பெற்றோருக்குச் சட்டம் தரும் இந்த நாற்காலி, ஐந்து வயது வரை இல்லை. அங்கன்வாடிக்கு இருப்பது 2011இல் ஒன்றிய அரசு சுற்றறிக்கை வழியாக வகுத்த மையநிலைக் கண்காணிப்புக் குழு மட்டுமே. சட்டத்தின் வலு அதற்கு இல்லை, பல ஊர்களில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. உள்ளாட்சி வார்டு உறுப்பினருக்கு அக்குழுவில் முக்கிய இடம் உண்டு. ஆகவே இடஒதுக்கீட்டில் வென்ற தலித் பெண் வார்டு உறுப்பினர்கள் இதைக் கேட்டு வாங்கலாம். மாதம் ஒருநாள் பெற்றோருக்கென ஒதுக்கப்பட்ட முன்பருவக் கல்வி நாளைக் காலை பதினொன்றுக்கு நடத்தாமல், கூலி முடிந்து திரும்பும் மாலையில் குடியிருப்பிலேயே நடத்தும்படி கோருவதும் கூட்டுறவின் பகுதியே.

உணவு மறுக்கப்பட்டாலோ தரம் குறைந்தாலோ உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்கீழ் மாவட்டக் குறைதீர்ப்பு அலுவலரிடமும், மேல்முறையீட்டில் மாநில உணவு ஆணையத்திடமும் செல்லலாம். 28ஆம் பிரிவு சமூகத் தணிக்கைக்கு இடமளிக்கிறது. மாற்றுத்திறன் குழந்தை மறுக்கப்பட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். சாதிப் பாகுபாடு எனில் காவல் நிலையம். மூன்றையும் ஒரே மனுவில் கலந்து மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் கூட்டத்தில் கொடுத்தால், அது பெரும்பாலும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கே 'தக்க நடவடிக்கைக்காக' திரும்பும். தனித்தனியே எழுதுக.

புதிய மையம் கோரும் மனுவுக்கு முதல் வேலை கணக்கெடுப்பு. அதை வெளியிலிருந்து வரும் மாணவர் குழு செய்வதைவிடக் குடியிருப்பின் பெண்களே செய்வது பயன்தரும். எந்த வீட்டில் பேசாத குழந்தை உள்ளே வைக்கப்பட்டிருக்கிறது என்பதை அவர்களே அறிவார்கள். ஆறு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தையின் பெயர், பிறந்த தேதி, இப்போது செல்லும் மையத்தின் தூரம், செல்லாவிடில் காரணம், செங்கற்சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ குடும்பம் வெளியூர் போகும் மாதங்கள் ஆகியவற்றைப் பட்டியலிட வேண்டும். கிராம சபையில் தீர்மானமாக்கி, 2006 உத்தரவின் முன்னுரிமை வாசகத்தையும் மூன்று மாதக் காலவரம்பையும் மனுவில் குறிப்பிட வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்த வழக்கு முடித்து வைக்கப்பட்டது என்று அலுவலகத்தில் சொல்வார்கள். பட்டியல் சாதிக் குடியிருப்புக்கான முன்னுரிமை நீதிமன்றம் ஏற்ற கொள்கை என்பதையும், 'ஒவ்வொரு குழந்தைக்கும்' என்ற சொல் இப்போது சட்டத்திலேயே இருப்பதையும் பதிலாக எழுதலாம். மனுவை ஒப்புகை கிடைக்கும் வகையில் அஞ்சலில் அனுப்பி, அந்த ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழிந்தும் பதில் இல்லையெனில் உயர் நீதிமன்றத்தில் கட்டளை நீதிப்பேராணை கோரும்போது, முதலில் கேட்கப்படும் ஆவணம் அந்த ஒப்புகைதான்.